‘கனெக்டெட்’ என்று காட்டுகிறது, லாகின் பக்கம் மட்டும் வரவில்லை: பொது வைஃபை எங்கே தடைபடுகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: “வேலை நிமித்தம் வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் போய் வருகிறேன். நிலையத்தின் இலவச வைஃபையைத் தொட்டால் ‘கனெக்டெட்’ என்று காட்டுகிறது. ஆனால் கைபேசி எண்ணைக் கேட்கும் பக்கம் சில நாள் வருகிறது, பல நாள் வருவதில்லை. வந்தாலும் ஓடிபி தாமதமாகிறது. ஓடிபி போட்ட பிறகும் சில நேரம் எதுவும் திறப்பதில்லை. தங்கும் விடுதிகளிலும் இதே நிலைதான். கைபேசிக் கடைக்காரர் நெட்வொர்க் ரீசெட் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?”

இப்போதைக்குச் செய்ய வேண்டாம். நெட்வொர்க் ரீசெட் என்பது நீங்கள் இதுவரை சேமித்து வைத்திருக்கும் எல்லா வைஃபை கடவுச்சொற்களையும் புளூடூத் இணைப்புகளையும் ஒரே அடியாக அழித்துவிடும். நீங்கள் விவரிக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை அதனால் தீரக்கூடியவையும் அல்ல. நீங்கள் ஒரே கோளாறாகச் சொல்வதில் வெவ்வேறு இடங்களில் ஏற்படும் பல தனித்தனித் தடைகள் கலந்திருக்கின்றன; இன்று எந்த இடத்தில் நின்றது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், அதற்கான பரிகாரம் பெரும்பாலும் ஒரு நிமிட வேலையாகத்தான் இருக்கும்.

‘கனெக்டெட்’ என்ற சொல்லுக்கு நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் வேறு, கைபேசி தரும் பொருள் வேறு. நடைமேடைக் கூரையில் பொருத்தப்பட்டிருக்கும் வைஃபை பெட்டிக்கும் உங்கள் கைபேசிக்கும் இடையே அலைத்தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதற்குப் பிறகு உங்கள் கைபேசிக்கு ஓர் ஐபி முகவரி, அதாவது அந்த நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கிடைக்க வேண்டும். பின்னர் லாகின் பக்கம் திறந்து உங்கள் எண் சரிபார்க்கப்பட வேண்டும். அதன் பின்னரே வெளியுலகுக்குச் செல்லும் வழி உங்களுக்காகத் திறந்துவிடப்படும். இந்த நான்கில் எங்கே தடைபட்டாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒரே காட்சிதான்: பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் பலரும் காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள்.

முகவரி கிடைத்ததா என்பதைப் பார்ப்பது எளிது. வைஃபை அமைப்புகளுக்குள் சென்று, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் ஐபி முகவரி என்று ஒரு வரி இருக்கும். அது 10 என்றோ, 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலான எண்களில் ஒன்றாகவோ தொடங்கினால் பெரும்பாலும் முகவரி முறைப்படி கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்க வேண்டிய கருவியிடமிருந்து பதிலே வராததால் உங்கள் கருவி தனக்குத்தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் லாகின் பக்கம் வராது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இதே நிலை, ‘ஐபி முகவரியைப் பெறுகிறது’ என்ற வரி தோன்றித் தோன்றி மறைவதாகத் தெரியும்.

இது ஏன் நேர்கிறது என்பதை ஓர் உறவினர் வீட்டுத் திருமணத்தில் நேரில் பார்த்தேன். மண்டபத்தில் வீட்டு உபயோகத்துக்கான ரூட்டர் ஒன்றை வைத்திருந்தார்கள். அது ஒரு நேரத்தில் நூறு முகவரிகளை மட்டுமே வழங்கும்படியும், ஒருவருக்குக் கொடுத்த முகவரியை இருபத்துநான்கு மணி நேரம் அவருக்கே ஒதுக்கி வைக்கும்படியும் அமைக்கப்பட்டிருந்தது. முந்தைய நாள் மாலை வரவேற்புக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்களின் கைபேசிகள் அந்த நூறையும் எடுத்துக்கொண்டுவிட்டன. மறுநாள் முகூர்த்தத்துக்கு வந்தவர்களுக்குச் சிக்னல் முழுதாகக் காட்டியது, இணையம் மட்டும் இல்லை. நேரலையில் தாலி கட்டுவதைப் பார்க்க வெளிநாட்டில் காத்திருந்த மணமகளின் அண்ணனுக்குப் படம் போய்ச் சேரவில்லை. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒதுக்கீட்டு நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்து, அதை ஒருமுறை அணைத்துப் போட்டபின் எல்லாம் நேரானது. சிறு விடுதிகளிலும் மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களிலும் இதே காரணம் அடிக்கடி ஒளிந்திருக்கிறது. பயணியாக நீங்கள் செய்யக்கூடியது, அந்த நெட்வொர்க்கை மறக்கச் செய்துவிட்டுச் சற்று நேரம் கழித்து மீண்டும் இணைப்பதும், அங்குள்ள ஊழியரிடம் ‘முகவரி கிடைக்கவில்லை’ என்று அந்தச் சொற்களிலேயே தெரிவிப்பதும்தான். முன்பு எப்போதோ அலுவலகத்துக்காகக் கைபேசியிலோ மடிக்கணினியிலோ நிலையான ஐபி முகவரியையோ, கோரிக்கைகளை இடையில் வாங்கி அனுப்பும் பிராக்ஸியையோ கையால் பதிந்து வைத்திருந்தால், அதையும் தானியங்கி நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

இனி, நீங்கள் முதன்மையாகக் கேட்ட லாகின் பக்கத்துக்கு வருவோம். அந்தப் பக்கம் தானாக வருவது போலத் தோன்றினாலும், அதைத் தேடிப்போவது உங்கள் கைபேசிதான். ஒரு வைஃபையில் இணைந்தவுடன் ஆண்ட்ராய்டு கைபேசி, கூகுள் இதற்கென்றே வைத்திருக்கும் ஒரு சிறிய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும். அங்கிருந்து உள்ளடக்கம் எதுவும் இல்லாமல் 204 என்ற எண் மட்டும் பதிலாக வர வேண்டும். ஐபோன் தன் நிறுவனத்தின் முகவரி ஒன்றிலிருந்து ‘சக்சஸ்’ என்ற ஒற்றைச் சொல் வருகிறதா என்று பார்க்கும். விண்டோஸ் மடிக்கணினி ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற சொற்கள் வருகின்றனவா என்று பார்க்கும். எதிர்பார்த்த பதில் அப்படியே வந்தால் இணையம் இருக்கிறது என்று முடிவு; பதில் வராவிட்டால் இணையம் இல்லை என்று முடிவு; வேறு ஏதோ ஒரு பக்கம் பதிலாக வந்தால், நடுவில் ஒரு வாயிற்காவலர் நிற்கிறார் என்று புரிந்துகொண்டு, ‘உள்நுழையவும்’ என்ற அறிவிப்பைக் கைபேசி உங்களுக்குக் காட்டும். இந்தச் சோதனைக் கோரிக்கை பூட்டப்படாத, அதாவது மறையாக்கம் செய்யப்படாத, பழைய எச்டிடிபி முறையில் செல்வதால்தான் நடுவில் இருக்கும் கருவியால் அதை இடைமறித்துத் தன் பக்கத்தைக் காட்ட முடிகிறது.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. உலாவியைத் திறந்து எந்தத் தளத்தின் பெயரை அடித்தாலும் லாகின் பக்கம் வந்துவிடும், ஏனென்றால் அன்று பெரும்பாலான தளங்கள் பூட்டப்படாத முறையில் இயங்கின. அதில் இருந்த ஆபத்தை 2010ஆம் ஆண்டில் வெளியான ஃபயர்ஷீப் என்ற உலாவி நீட்சி உலகுக்கு வெளிப்படையாகக் காட்டியது: ஒரே திறந்த வைஃபையில் பக்கத்து மேசையில் இருப்பவரின் சமூக வலைத்தளக் கணக்குக்குள் ஒரு சொடுக்கில் நுழைந்துவிட முடிந்தது. அதன் பின் வந்த ஆண்டுகளில் தளங்கள் ஒவ்வொன்றாக எச்டிடிபிஎஸ் என்ற பூட்டப்பட்ட முறைக்கு மாறின. இது நம் எல்லோருக்கும் நன்மை செய்த மாற்றம். ஆனால் பூட்டப்பட்ட தளத்துக்குச் செல்லும் கோரிக்கையை வைஃபை கருவியால் இடைமறித்துத் தன் பக்கத்தைக் காட்ட முடியாது. முயன்றால் உலாவி, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் பொருந்தவில்லை என்று சிவப்பு எச்சரிக்கை காட்டும். முயலாவிட்டால் பக்கம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே வங்கித் தளத்தையோ ஜிமெயிலையோ திறந்து லாகின் பக்கம் வருமென்று காத்திருப்பதில் பயனில்லை. அந்தச் சிவப்பு எச்சரிக்கையை மீறி ‘தொடர்க’ என்று அழுத்துவதையும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியது வேறு. உலாவியின் முகவரிப் பட்டையில், பூட்டப்படாத முறையிலேயே இயங்கும்படி வேண்டுமென்றே வைக்கப்பட்டுள்ள ஒரு தளத்தைத் திறக்க வேண்டும். ‘நெவர் எஸ்எஸ்எல் டாட் காம்’ என்பது இந்த ஒரே தேவைக்காக உருவாக்கப்பட்ட தளம்; பெயரை இடைவெளியின்றி ஆங்கில எழுத்துகளில், முன்னால் ‘எஸ்’ இல்லாத எச்டிடிபியைச் சேர்த்து அடியுங்கள். பாதுகாப்பற்ற தளம் என்று உலாவி கேட்டால், இந்த ஓர் இடத்தில் மட்டும் தொடரலாம், ஏனென்றால் நீங்கள் அங்கே எதையும் எழுதப்போவதில்லை. அதுவும் பலிக்காவிட்டால், ஐபி முகவரி பார்த்த அதே பக்கத்தில் கேட்வே என்றோ, ஐபோனில் ரூட்டர் என்றோ ஓர் எண் இருக்கும். அதை அப்படியே முகவரிப் பட்டையில் அடித்துப் பாருங்கள். சிறு விடுதிகள் பலவற்றில் லாகின் பக்கம் அந்த எண்ணிலேயேதான் இருக்கும்.

சில இடங்களில் ‘உள்நுழையவும்’ அறிவிப்பே வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கைபேசி சோதித்துப் பார்க்கும் அந்த முகவரிகளை மட்டும் நெட்வொர்க்கை அமைத்தவர்களே முன்கூட்டித் திறந்து விட்டிருப்பார்கள். கைபேசி காட்டும் சிறிய லாகின் சாளரத்தில் தங்கள் பக்கம் சரியாகத் தெரியாமல் போகும் என்பதற்காக அப்படிச் செய்வதுண்டு. அதனால் கைபேசி இணையம் இருப்பதாக நம்பிவிடும், நீங்களோ உலாவியை நீங்களே திறக்கும்வரை எதுவும் நடக்காது. இத்தகைய குழப்பங்களைத் தவிர்க்க, முகவரி வழங்கும்போதே ‘லாகின் பக்கம் இங்கே இருக்கிறது’ என்று நெட்வொர்க் கைபேசிக்குச் சொல்லிவிடும் முறை 2020இல் இணையத் தர அமைப்பால் வரையறுக்கப்பட்டது; ஆண்ட்ராய்டு 11உம் ஐஓஎஸ் 14உம் அதைப் புரிந்துகொள்ளும். நெட்வொர்க் நடத்துபவர்களும் அதைப் பின்பற்றினால்தான் நமக்குப் பயன்.

இப்போது, பலரும் கவனிக்காத ஒரு விஷயம். உங்கள் கேள்வியில் ‘சில நாள் வருகிறது, பல நாள் வருவதில்லை’ என்று இருப்பதைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியதும் இதுதான். வைஃபையில் இணைந்தபோதும் உங்கள் மொபைல் டேட்டா இயங்கிக்கொண்டிருந்தால், வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டுகொண்ட கைபேசி, உங்களுக்கு இடையூறு வேண்டாமென்று உலாவியின் கோரிக்கைகளை மொபைல் டேட்டா வழியாகவே அனுப்பிவிடும். நீங்கள் நெவர் எஸ்எஸ்எல்லைத் திறந்தாலும் அது டேட்டா வழியே நன்றாகத் திறந்துவிடும். வைஃபையின் வாயிலை அந்தக் கோரிக்கை தொடவே தொடாது. எனவே லாகின் முடியும்வரை மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்து வையுங்கள். ஃபிளைட் மோடு போடாதீர்கள். போட்டால் ஓடிபி வரும் குறுஞ்செய்தியும் நின்றுவிடும். குறுஞ்செய்தி கைபேசிக் கோபுரத்தின் வழியாக வருவது, அதற்கு டேட்டா தேவையில்லை.

அடுத்து, தனிப்பட்ட டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் தொலைபேசிப் புத்தகம் போன்றது டிஎன்எஸ். ஆண்ட்ராய்டு 9 முதல் இந்தப் பெயர் தேடலையும் பூட்டி அனுப்பும் வசதி இருக்கிறது. விளம்பரங்களைத் தடுப்பதற்காகக் காணொளிகளைப் பார்த்து அங்கே ஒரு சேவையகத்தின் பெயரைப் பதிந்து வைத்திருப்பவர்கள் இன்று ஏராளம். இது தானியங்கி நிலையில் இருந்தால் சிக்கல் இல்லை. குறிப்பிட்ட பெயர் பதியப்பட்டிருந்தால், கைபேசி அந்தச் சேவையகத்தைத் தவிர வேறு யாரிடமும் பெயரைக் கேட்காது. அந்தப் போக்குவரத்து 853 என்ற எண்ணுள்ள வாயில் வழியாகச் செல்கிறது, பல பொது வைஃபைகள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. விளைவு, சில கைபேசிகளில் லாகின் பக்கமே வராது. சிலவற்றில் லாகின் முடிந்த பிறகும் எந்தத் தளமும் திறக்காது, ‘தனிப்பட்ட டிஎன்எஸ் சேவையகத்தை அணுக முடியவில்லை’ என்ற வரி மட்டும் தெரியும்.

கல்லூரித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளன்று, நூலகம் ஒன்றில் ஒரு மாணவி இதனால் இரண்டு மணி நேரம் தவித்ததைப் பார்த்தேன். அவர் கைபேசியைப் பலமுறை அணைத்துப் போட்டிருந்தார், நூலக ஊழியரும் ரூட்டரை அணைத்துப் போட்டிருந்தார். பக்கத்து இருக்கையில் எல்லோருக்கும் வேலை செய்தது. ‘எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரலை’ என்று அவர் சொன்னபோதே கோளாறு கைபேசிக்குள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அவருடைய அண்ணன் எப்போதோ பதிந்து கொடுத்திருந்த விளம்பரத் தடுப்பு டிஎன்எஸ் அங்கே இருந்தது. அதைத் தானியங்கிக்கு மாற்றிய மறுநொடி விண்ணப்பப் பக்கம் திறந்தது. உங்கள் போக்குவரத்து முழுவதையும் பூட்டி வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் விபிஎன் செயலிகளும் இதே போல்தான். எப்போதும் இயங்கும்படியும், அது இல்லாத இணைப்புகளைத் தடுக்கும்படியும் விபிஎன்னை அமைத்திருந்தால், லாகின் முடியாமல் விபிஎன் தொடங்காது, விபிஎன் இல்லாமல் வேறு எதையும் கைபேசி வெளியே விடாது. இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டிருக்கும். லாகின் முடியும்வரை அதை நிறுத்தி வைத்து, முடிந்ததும் மறக்காமல் இயக்கிவிடுங்கள்.

தேதியும் நேரமும் தவறாக இருந்தாலும் இதே போன்ற தோற்றம்தான் வரும். பழைய மடிக்கணினிகளில் உள்ளே இருக்கும் சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாள் ஒன்று உண்டு. அந்தக் கணினியின் கணக்கில் அந்த நாள் இன்னும் வரவேயில்லை என்பதால் எல்லாத் தளங்களையும் அது சந்தேகித்து மறுத்துவிடும்.

ஓடிபி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வைஃபைக்கு ஏன் கைபேசி எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். திறந்த வைஃபை வழியாக 2008இல் குண்டுவெடிப்புகளையொட்டி மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டதைத் தொடர்ந்து, பொது வைஃபையைப் பயன்படுத்துபவர் யார் என்பது பதிவாக வேண்டும் என்று 2009இல் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை இணைய சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அடையாள அட்டையின் நகலை வாங்கி வைப்பது, அல்லது கைபேசிக்குக் குறுஞ்செய்தியில் கடவுச்சொல் அனுப்புவது என்ற இரண்டில், பின்னது எளிது என்பதால் அதுவே எங்கும் பரவியது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வானி திட்டத்தில், பெட்டிக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை வழங்கலாம் என்பதோடு, பயனர் செயலி ஒன்றில் தம்மைச் சரிபார்த்துக்கொண்டு அதன் வழியாகவே வைஃபையைத் தேடி இணையலாம் என்பதும் ஒரு நோக்கம்.

ஓடிபி தாமதமாகும்போது மீண்டும் மீண்டும் ‘ரீசெண்ட்’ அழுத்துவதே அதிகத் தொல்லையைத் தருகிறது. பொதுவாக ஒவ்வொரு அழுத்தலும் முந்தைய எண்ணைச் செல்லாததாக்கிவிடும். தாமதமாக வந்து சேர்கின்ற முதல் எண்ணை நீங்கள் பதியும்போது அது ஏற்கெனவே காலாவதியாகியிருக்கும். ஒருமுறை அழுத்திவிட்டு முழுதாக இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். குறுஞ்செய்திச் செயலியில் ஸ்பேம் என்ற பகுதிக்குள் போய் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரீசார்ஜ் முடிந்து நாளாகிவிட்ட சிம்முக்கு உள்வரும் குறுஞ்செய்திகளும் நின்றுபோகும் என்பதை இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஓடிபியைப் பார்க்கக் குறுஞ்செய்திச் செயலிக்குப் போனதும் அந்தச் சிறிய லாகின் சாளரம் மூடிக்கொள்கிறது என்றால், ஆண்ட்ராய்டில் அந்தச் சாளரத்தின் மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘இந்த நெட்வொர்க்கை அப்படியே பயன்படுத்து’ என்பதையும், ஐபோனில் ‘கேன்சல்’ அழுத்தியபின் ‘இணையம் இல்லாமல் பயன்படுத்து’ என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டு, வழக்கமான உலாவியில் லாகினை முடியுங்கள். அது மூடிக்கொள்ளாது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வந்த குறுஞ்செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல் முழு வாசகத்தையும் படியுங்கள். ஒரு நெட்வொர்க்கின் பெயரை யார் வேண்டுமானாலும் தம் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்துக்கொள்ள முடியும். அதன் பின்னால் போலி லாகின் பக்கம் ஒன்றை வைப்பதும் கடினமில்லை. நீங்கள் அங்கே எண்ணைக் கொடுத்தவுடன், அந்தப் பக்கத்தை வைத்தவர் வாட்ஸ்அப்பிலோ வேறு கணக்கிலோ உங்கள் எண்ணைப் பதிந்து, அதிலிருந்து உங்களுக்கு வரும் ஓடிபியை வைஃபைக்கானது என்று நம்பவைத்து வாங்கிவிடலாம். செய்தியில் வாட்ஸ்அப் என்றோ வங்கியின் பெயரோ இருந்தால் அந்த எண்ணைப் பதியாதீர்கள், அந்த நெட்வொர்க்கை விட்டு உடனே வெளியேறுங்கள். இலவச வைஃபைக்கு ஆதார் எண்ணோ, மின்னஞ்சல் கடவுச்சொல்லோ, ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணோ தேவையில்லை. ஏதேனும் செயலிக் கோப்பையோ சான்றிதழையோ பதிவிறக்கி நிறுவச் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சரியான நெட்வொர்க் பெயர் எது என்பது நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலோ விடுதியின் வரவேற்பு மேசையிலோ இருக்கும்.

லாகின் முடிந்த பிறகும் இணையம் வராததற்கும், வந்து நின்றுபோவதற்கும் காரணங்கள் வேறு. சில சமயம் அது கோளாறே அல்ல, விதி. இந்திய ரயில் நிலையங்களில், ரயில்வேயின் பொதுத்துறை நிறுவனமான ரயில்டெல்லின் வைஃபை 2016 ஜனவரியில் கூகுளுடன் சேர்ந்து மும்பை சென்ட்ரலில் தொடங்கி, 2018 ஜூனில் திப்ருகரில் நானூறாவது நிலையத்தை எட்டியது. கூகுள் 2020இல் விலகிக்கொண்டாலும், ‘ரயில்வயர்’ என்ற பெயரிலான அந்தச் சேவையை ரயில்டெல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு விரித்தது. 2021இல் கட்டணத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டபோது, நாளொன்றுக்கு முதல் முப்பது நிமிடம் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இலவசம் என்று வரையறுக்கப்பட்டது. 1 எம்பிபிஎஸ் என்பது நொடிக்குப் பத்து லட்சம் பிட்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், அந்த வேகத்தை எட்டால் வகுத்தால் நொடிக்கு 125 கிலோபைட். 10 எம்பி அளவுள்ள ஒரு கோப்பு இறங்க எண்பது நொடி ஆகும். அரை மணி நேரம் இடைவிடாமல் இறக்கினாலும் 225 எம்பிதான். திரைப்படம் இறக்க நினைப்பவருக்கு இது பழுதடைந்த இணைப்பாகத் தோன்றும், பயணச்சீட்டு நிலையைப் பார்ப்பவருக்குத் தாராளமாகப் போதும்.

விதியல்லாத காரணங்களில் முக்கியமானது கருவியின் மேக் முகவரி. லாகின் பக்கத்தில் நீங்கள் சரிபார்க்கப்பட்டதை நெட்வொர்க் நினைவில் வைத்துக்கொள்வது உங்கள் எண்ணைக் கொண்டு அன்று. உங்கள் கைபேசியின் வைஃபைப் பகுதிக்குரிய மேக் என்ற அடையாளத்தைக் கொண்டுதான். நம்மைப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் உண்மையான அடையாளத்தை மறைத்து ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு கற்பனை அடையாளத்தைக் காட்டுகின்றன. அது மாறாமல் இருக்கும்வரை சிக்கல் இல்லை. மாறிக்கொண்டே இருக்கும்படி அமைத்திருந்தால், நெட்வொர்க்கின் பார்வையில் நீங்கள் ஒவ்வொரு முறையும் புதியவர், எனவே லாகின் மீண்டும் கேட்கப்படும். ஓர் அறைக்கு இரண்டு கருவிகள் என்று வரம்பு வைத்திருக்கும் விடுதியில், உங்கள் ஒரே கைபேசி இரண்டு கருவிகளாகக் கணக்காகி, மனைவியின் கைபேசிக்கு இடமில்லாமல் போகும். நீண்ட நாள் தங்கும் இடத்தில் மட்டும், அந்த நெட்வொர்க்கின் அமைப்புக்குள் சென்று இதை ‘நிலையானது’ என்ற தேர்வுக்கோ கருவியின் சொந்த மேக்குக்கோ மாற்றிக்கொள்ளலாம். ரயில் நிலையத்தில் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

வேகக் குறைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைபேசியில் தெரியும் வைஃபைக் கோடுகள் உங்களுக்கும் கூரையிலுள்ள பெட்டிக்கும் இடையிலான அலையின் வலுவை மட்டுமே காட்டுகின்றன. அந்தப் பெட்டிக்குப் பின்னால் உள்ள இணைப்பு எப்படி இருக்கிறது என்பதை அவை காட்டுவதில்லை. பொதுவாக ஒரு பெட்டியின் ஒரே அலைத்தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை தம் முறைக்குக் காத்திருக்கும். தூரத்திலிருந்து பலவீனமான சிக்னலில் மெதுவாகப் பேசும் கைபேசி ஒன்று, அருகில் இருப்பவர்களின் நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே என்பதால் நெரிசலான இடங்களில் அது விரைவில் திணறும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டினால் வலு குறையும். எனவே பெட்டியின் கண்பார்வையில் இருக்கும் இடத்துக்கு நகர்ந்து, அங்கே சென்றபின் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால், நடைமேடையின் முதல் முனையில் பிடித்த பெட்டியையே கைபேசி கடைசி முனைவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

கோளாறு உங்களுடையதா, அவர்களுடையதா என்று அறிய, பக்கத்தில் இருப்பவரிடம் அவருக்கு வருகிறதா என்று கேளுங்கள். அவருக்கு வந்து உங்களுக்கு வராவிட்டால் டிஎன்எஸ், விபிஎன், தேதி, மேக் என்று உங்கள் கைபேசிக்குள் தேடுங்கள். இவை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் எந்த ஊரின் எந்த வைஃபையிலும் லாகின் பக்கம் வரவில்லை என்றால் மட்டும், வீட்டு வைஃபை கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, கடைக்காரர் சொன்ன ரீசெட்டைச் செய்யுங்கள். இருவருக்குமே வராவிட்டால் எவ்வளவு முயன்றாலும் உங்கள் கையில் எதுவும் இல்லை. விடுதியாக இருந்தால் வரவேற்பு மேசையில் ‘நெட் வரலை’ என்று மட்டும் சொல்லாமல், நெட்வொர்க்கின் பெயர், நேரம், உங்களுக்குக் கிடைத்த ஐபி முகவரி, லாகின் பக்கம் வந்ததா இல்லையா என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். மேசையில் இருப்பவருக்கு அது புரியாமல் போகலாம், ஆனால் அவர் தொலைபேசியில் அழைக்கும் தொழில்நுட்பப் பணியாளர் முதலில் கேட்கப்போவது அந்த நான்கையும்தான்.